ஊசி தந்த வைராக்கியம்

"நாப்பது வருஷமா பெருமாள்கிட்ட கேட்டேன் தம்பி, இந்த ஆசையைத் தொலைச்சுக் குடுன்னு. அவரு குடுக்கல. ஊசி ஒரே மாசத்துல குடுத்துடுச்சு."

சொன்னவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஸ்ரீமுஷ்ணத்தில் என் மருந்துக்கடைக்கு முன்னால் கிடக்கும் பெஞ்சு மாலை வேளையில் பெரும்பாலும் அவருடையது. புரஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் வந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி போட்டுக்கொள்கிறார். கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். கடையை மூடும்போது சிரிப்பு போய்விட்டது, கேள்வி நின்றுவிட்டது. ஆசையை அடக்கியவனைப் பெரியவன் என்கிறோம். ஆசையே வராத உடம்பைக் கொண்டவனை என்னவென்று சொல்வது? ஒரு மருந்தே அந்த ஆசையை எடுத்துவிடும் என்றால், நாற்பது வருடம் அவர் போராடியது யாரோடு?

அந்த ஊசி செய்வது இதுதான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, விரைகளுக்கு 'சுரக்கலாம்' என்று இரத்தத்தின் வழியாக உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. விரைகளில் உள்ள லேடிக் செல்கள் அதைக் கேட்டு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. லூப்ரோலைடு பிட்யூட்டரியை ஓயாமல் தூண்டி, கடைசியில் அதைச் சோர வைத்துவிடுகிறது. முதல் வாரம் ஹார்மோன் கொஞ்சம் ஏறவும் செய்யும். பிறகு இறங்கும். வளர்ந்த ஆணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கவேண்டியது, மூன்று நான்கு வாரத்தில் 50-க்குக் கீழே போய்விடும். இந்த வகைப் புற்று டெஸ்டோஸ்டிரோனைத் தின்றுதான் வளர்கிறது என்பதைச் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அதற்கு 1966-இல் நோபல் பரிசும் வாங்கினார். அன்றைக்கு ஊசி இல்லை, விரையை அறுத்தெடுத்தார்கள்.

ஹக்கின்ஸுக்கு 92 வருடம் முன்பு, 1849-இல், ஜெர்மனியின் கோட்டிங்கனில் பெர்தோல்டு என்பவர் இளஞ்சேவல்களின் விரைகளை எடுத்துப் பார்த்தார். கொண்டை சுருங்கியது, கூவல் போனது, பெட்டையையும் எதிரிச் சேவலையும் கண்டுகொள்ளவில்லை. விரையை வயிற்றுக்குள் எங்கோ ஓர் இடத்தில் திரும்ப ஒட்ட வைத்ததும் எல்லாம் திரும்பி வந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் வேலை செய்கிறதென்றால் ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்துதான் போகிறது என்று கணித்தார். அந்த ஏதோ ஒன்றைக் காளையின் விரையிலிருந்து பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது 1935-இல்தான்.

இதையெல்லாம் வாத்தியாரிடம் சொன்னபோது, "ஜெர்மன்காரனுக்கு இவ்வளவு நாள் ஆச்சா?" என்றார். "நம்ம ஊர்ல காயடிக்கத் தெரியாமலா ஏர் ஓட்டுனோம்? காயடிச்ச மாடு சாதுவாத்தான் இருக்கும். அதுக்கு ஞானம் வந்துடுச்சுன்னு யாரும் சொன்னதில்ல."

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் விஷயம் அங்கே முடியவில்லை. காயடித்த மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்பதுதான் இருவருக்கும் பிடிபடவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் இந்தக் கேள்வியை வேறு முனையிலிருந்து பிடித்துக்கொண்டு வருவார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் இரவு வேலை பார்க்கும் ஓர் இளைஞன். கல்யாணமாகிச் சில வருடமாகியும் குழந்தை இல்லை. கடையில் கூட்டம் கரையும்வரை எதிரே பேக்கரியில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். பிறகு வந்து, "அண்ணே, அந்த ஆம்பளை ஹார்மோன் ஊசி ஒண்ணு குடுங்கண்ணே" என்பான். சூளைச் சூட்டில் தன் ஆண்மை வற்றிவிட்டது என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது வெளியே வரப் பல நாள் பிடித்தது. "சின்ன வயசுல பண்ண தப்புண்ணே. சாமி குடுத்ததை வீணாக்கிட்டேன்."

இந்தப் பயத்தை வளர்க்காத பேருந்து நிலையச் சுவர் தமிழ்நாட்டில் இல்லை. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று கூப்பிட்டு, இளமையில் இழந்ததை லேகியத்தில் மீட்டுத் தருவதாகச் சொல்லும் சுவர்கள். அதற்குப் பின்னால் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்து ஒரு சொட்டு விந்து. சித்த மருத்துவம் சொல்லும் ஏழு தாதுக்களில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று ஒன்றிலிருந்து ஒன்று வடிந்து ஏழாவதாக வருவது சுக்கிலம். கடைசியில் வருவதால் அது எல்லாவற்றின் சத்து, அது போனால் எல்லாம் போச்சு. இந்த நம்பிக்கையால் களைப்பும் தூக்கமின்மையும் பயமும் பிடித்து மருத்துவரிடம் வரும் ஆண்களைப் பார்த்துப் பார்த்து, மனநல மருத்துவர் என்.என். விக் 1960-இல் அதற்கு 'தாது நோய்க்குறி' என்ற பொருளில் பெயரே வைத்தார். உலக மனநல நூல்களில் நம் நாட்டுக்கென்று கிடைத்த இடங்களில் இது ஒன்று. பெருமைப்பட ஒன்றுமில்லை.

உடம்பின் கணக்கு வேறு. டெஸ்டோஸ்டிரோன் விந்தில் குடியிருப்பதில்லை. சுரந்ததும் நேராக இரத்தத்தில் கலக்கிறது. விந்து வெளியேறுவதால் அது தீர்ந்துபோவதும் இல்லை, அடக்கி வைப்பதால் வருடக்கணக்கில் சேர்ந்துகொண்டே போவதும் இல்லை. பிரம்மசரியத்தைச் சேமிப்பாகப் பார்க்கும் பேச்சு எனக்கு எப்போதுமே உவப்பானதாக இல்லை. ஒருவன் சொட்டுக் கணக்குப் பார்த்து ஒதுங்கினால் அவன் ஆசையை விட்டவன் இல்லை, ஆசைக்குப் பயந்தவன். சாமி தண்டித்துவிட்டார் என்று அந்தப் பையனை அழ வைக்கும் பக்தியை நம் பெருமாளின் பெயரால் யாரும் விற்கக்கூடாது.

சூளைச் சூட்டைப் பற்றிய அவன் பயத்தில் பாதி உண்மை இருந்தது. இத்தாலியில் பீங்கான் சூளைத் தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள், குழந்தை உண்டாவதில் சிரமமும் தாமதமும் அவர்களுக்குக் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே குளிர்ச்சிக்காகத்தான். சூடு முதலில் கை வைப்பது விந்தணு உற்பத்தியில். ஹார்மோன் அவ்வளவு சீக்கிரம் அசைவதில்லை. அவன் கேட்ட ஊசியில் இருந்த வினை இன்னும் பெரிது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால், 'போதுமான அளவு இருக்கிறது' என்று பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திக்கொள்ளும். விரைகள் வேலையை நிறுத்திவிடும், விந்தணு எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்னும் அளவுக்கு விழும். ஜிம்மில் உடம்பு ஏற்ற இதைப் போட்டுக்கொள்ளும் பையன்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. தகப்பனாக வேண்டி ஊசி கேட்டவனுக்கு அந்த ஊசியே தகப்பனாவதைத் தடுக்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து அது. தரவில்லை. பரிசோதனைக்கு அனுப்பினேன். காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாள் எடுக்கவேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். இந்த ஹார்மோன் விடியலில் ஏறி மாலையில் இறங்கும். சாயங்காலம் எடுத்த எண்ணைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. அவன் எண் சாதாரண அளவிலேயே இருந்தது. அதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. குற்றம் சாட்ட ஒன்று கைநழுவிப் போன ஏமாற்றம்தான் முகத்தில் தெரிந்தது.

இந்த எண்ணை அசைப்பவை எவை என்று கேட்டால், லேகியக்காரர்கள் சொல்வதைவிடச் சலிப்பான பட்டியல்தான் வரும். வயது: முப்பதுகளுக்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் மெல்லக் குறையும். தொப்பை: கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். என்னிடம் மெட்பார்மின் வாங்குகிற சர்க்கரைக்காரர்களில் கணிசமானவர்களுக்கு எண் குறைவாகத்தான் இருக்கும், அவர்களில் எடை குறைத்தவர்களுக்கு ஓரளவு ஏறும். குடி, நாள்பட்ட நோய், அபின் வகை வலி மருந்துகள் எல்லாம் குறைக்கும். தூக்கம்: சிகாகோ பல்கலைக்கழகத்தில் பத்து ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் விழுந்தது. 2011-இல் வெளிவந்த ஆய்வு. வயதால் பத்துப் பதினைந்து வருடத்தில் நடப்பது ஒரே வாரத்தில் நடந்துவிட்டது. அந்தச் சூளைப் பையனிடம் நான் முதலில் கேட்டிருக்கவேண்டியது எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்பதைத்தான்.

முருங்கைக்காயைப் பற்றியும் கேட்பார்கள். 1983-இல் 'முந்தானை முடிச்சு' வந்த பிறகு முருங்கைக்காய் வாங்கிப் போகிற ஆணைப் பார்த்துத் தமிழ்நாடே சிரிக்கக் கற்றுக்கொண்டது. நல்ல காய், சாம்பாருக்கு. எங்கள் ஊர் வராகர் கோயிலில் கோரைக்கிழங்கு பிரசாதம் விசேஷம். பன்றி மண்ணைக் கிளறித் தின்னும் கிழங்கு, வராகப் பெருமாளுக்கே நிவேதனம். அதற்கு ஏதாவது 'பவர்' உண்டா என்று காதைக் கடிக்கிற வெளியூர்க்காரர்கள் இருக்கிறார்கள். பிரசாதத்தைப் பிரசாதமாகச் சாப்பிடுங்கள் என்பேன்.

ஆனால் உணவுக்கும் ஆசைக்கும் உள்ள உறவைச் சமயம் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, பக்தியில் நிலைக்க விரும்புகிறவனுக்கு வேண்டிய ஏழு விஷயங்களைச் சொல்கிறார். முதலாவது விவேகம். அவர் சொல்லும் விவேகம் சமையலறையில் தொடங்குகிறது: பொருளால், கொடுப்பவரால், நேர்ந்துவிட்ட அசுத்தத்தால் என்று மூன்று வகையிலும் கெடாத உணவால் உடம்பைத் தூய்மையாக வைப்பது. இரண்டாவது விமோகம், ஆசையில் சிக்காமல் இருப்பது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உணவுத் தூய்மை பற்றி வரும் அதே இடத்துக்குச் சங்கரர், புலன்கள் வழியாக உள்ளே போகும் அனைத்தையும் உணவு என்று பொருள் கொண்டார். ராமாநுஜர் வாயில் போடும் சோற்றையே எடுத்துக்கொண்டார். எனக்கு ராமாநுஜர் பக்கம்தான் சாய்வு. மருந்துக்கடைக்காரன் அல்லவா, வயிற்றுக்குள் போவது மனத்தை என்ன செய்யும் என்பதை மாத்திரை அட்டையாகவே பார்க்கிறேன்.

அதே சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை வைத்துச் செய்து பார்த்த சோதனை ஒன்று வருகிறது. பதினைந்து நாள் சாப்பிடாதே, தண்ணீர் மட்டும் குடி என்கிறார். பதினாறாம் நாள் வேதம் சொல்லச் சொன்னால், பன்னிரண்டு வருடம் படித்தவனுக்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. போய்ச் சாப்பிட்டு வந்ததும் எல்லாம் வந்தது. மனம் அன்னத்தால் ஆனது என்று மகனுக்குக் காட்டிவிட்டார். மனம் என்பது உடம்பை விட்டு எங்கோ உயரத்தில் மிதப்பது அல்ல என்பதை உபநிடதமே ஒத்துக்கொண்டாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அதே சோதனையைப் பெரிய அளவில் செய்தார்கள். 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். போரில் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று மனசாட்சியின் பேரால் மறுத்தவர்கள், பலர் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உள்ளவர்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. எடையில் கால் பங்கு போனது. அதோடு காமமும் போனது. பெண்ணை நினைப்பதையே விட்டுவிட்டார்கள். நினைத்ததெல்லாம் சோறு. சிலர் சமையல் புத்தகங்கள் வாங்கிச் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட பட்டினியில் டெஸ்டோஸ்டிரோன் விழுவது இன்று அளந்து பார்த்த உண்மை. பிள்ளை பெறும் வேலைக்கு இப்போது அவசரமில்லை என்று உடம்பு கணக்குப் போட்டுவிடுகிறது. ஏகாதசிக்கு ஒருநாள் இருப்பதில் அதெல்லாம் நடக்காது, பயப்படவேண்டாம்.

அந்த 36 பேரும் துறவிகள் ஆகிவிட்டார்களா? இல்லை. ஆசை இடம் மாறியது, அவ்வளவுதான். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் இந்த இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார்: பட்டினி கிடந்தால் பொருள் தள்ளிப்போகும், உள்ளே ஊறும் ருசி போகாது, அது போவது வேறு வழியில். 1906-இல் பிரம்மசரிய விரதம் எடுத்த காந்தி, பால் காமத்தைக் கிளறும் என்று நம்பி 1912-இல் தென்னாப்பிரிக்காவில் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலையே விட்டார். உப்பு, மசாலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். அவரே கடைசியில் எழுதி வைத்தது, மனம் ஒத்துழைக்காத உண்ணாநோன்பால் பயனில்லை என்பதுதான். உணவைக் குறைத்து ஆசையைக் குறைக்கும் வழியில் அவரைவிடத் தூரம் போனவர்களை எனக்குத் தெரியாது. அவர் வாயிலிருந்தே இது வந்திருக்கிறது.

வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்ப என்னோடதும் பட்டினிக் கணக்குதானா?" என்றார்.

"உங்களுக்கு ருசி போயிடுச்சா ஐயா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பழசு ஞாபகம் வருது. உடம்பு எழுந்திரிக்கல. ஞாபகம் மட்டும் வந்து உக்காந்துக்குது."

ஊசி பிடித்து நிறுத்தியது எதை என்பது அவருடைய இந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது. உடம்பின் முனைப்பு வேறு, மனத்தில் படிந்த வாசனை வேறு. லூப்ரோலைடு எட்டுவது முதலாவதை.

இங்கே எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். 'ஆம்பளைன்னா அப்படித்தான், ஹார்மோன் அது' என்று தங்கள் நடத்தைக்குச் சமாதானம் சொல்கிறவர்கள் என் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியத்தில் உள்ள ஆண்களுக்குள்ளேயே 300-க்கும் 1000-க்கும் நடுவில் மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கிறது. அந்த எண்ணை மறைத்துவிட்டு நடத்தையை மட்டும் பார்த்து இவன் 400, அவன் 900 என்று யாராலும் வரிசைப்படுத்திவிட முடியாது. கோபத்துக்கும் இந்த ஹார்மோனுக்கும் மனிதர்களிடம் உள்ள தொடர்பு ஊர் நினைப்பதைவிட மிகப் பலவீனமானது. ஊசிக்குப் பிறகு வாத்தியாரின் கோபம் குறைந்துவிட்டதாக அவர் வீட்டம்மா சொன்னார். "கோபப்படத் தெம்பு இல்ல தம்பி" என்று அவர் அதையும் திருத்திவிட்டார்.

இன்னொரு விஷயம் இந்த வாதத்தையே திருப்பிப் போடுகிறது. ஹார்மோன் மனிதனை நடத்துவது மட்டுமல்ல, மனிதன் நடந்துகொள்கிற விதமும் ஹார்மோனை நடத்துகிறது. பிலிப்பைன்ஸில் செபு நகரப் பகுதியில் 624 இளைஞர்களை 2005-இலும் 2009-இலும் அளந்து பார்த்தார்கள். முதலில் அதிக டெஸ்டோஸ்டிரோன் இருந்தவர்களுக்குத் துணையும் பிள்ளையும் அமையும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அப்பாவான பிறகு அதே ஆட்களுக்கு அளவு வேகமாக இறங்கியது, காலை அளவில் கால் பங்குக்கு மேல். பிள்ளையைத் தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பார்த்துக்கொண்டவர்களுக்கு, அப்படிப் பார்த்துக்கொள்ளாத அப்பாக்களைவிடக் குறைவு. மடியில் போட்டுத் தூங்கவைத்த பிள்ளை தகப்பனின் இரத்தத்தை மாற்றிவிடுகிறது. 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்த பிரேசில் ரசிகர்களுக்கு ஏறியது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. பந்தை இவர்கள் தொடக்கூட இல்லை. வெற்றியையும் தோல்வியையும் ஒன்றாகப் பார் என்று கீதையில் சொன்னவருக்கு இது தெரிந்திருக்கும் என்று வாத்தியார் சொன்னார். தெரிந்திருக்கலாம்.

உடம்பு என்பதற்கு ராமாநுஜர் சொல்லும் இலக்கணம் இது: ஓர் ஆத்மா தன் பொருட்டுத் தாங்கவும் ஆளவும் கூடியது எதுவோ அது அந்த ஆத்மாவுக்கு உடம்பு. வாத்தியார் இதில் என்னை மடக்கினார். "ஆள்றது ஆத்மான்னா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஊசி யாரை ஆளுது?" நான் படித்த அளவில் விடை இப்படி. அந்த ஆளுகை முழுச் சுதந்திரம் அல்ல. ஜீவன் எடுக்கும் முதல் முயற்சி அவனுடையது, அதற்கு உள்ளிருந்து அனுமதி கொடுத்து நடத்துபவன் இறைவன் என்றுதான் ராமாநுஜர் கொள்கிறார். கருவி எப்படிப்பட்டது, இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது ஜீவன் கையில் இல்லை. அந்தக் கருவியோடு முதல் அடி எடுத்து வைப்பதா இல்லையா என்பது மட்டும் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பெருமாள் இந்தக் கேள்விக்குப் புதியவர் அல்ல. தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களில் ஒன்று ஸ்ரீமுஷ்ணம். சாளக்கிராமத் திருமேனி. மேற்கே பார்த்து நின்று, முகத்தைத் தெற்கே திருப்பி, இரு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டிருப்பார், வேலையை முடித்துவிட்டு நிற்பவர்போல. வராகர் பூமிப்பிராட்டிக்குச் சொன்னதாக வரும் சரம சுலோகம் வைணவர்கள் போற்றும் மூன்றில் ஒன்று. வேதாந்த தேசிகர் அதற்கென்றே 'ரஹஸ்ய சிகாமணி' எழுதினார். அது சொல்வதன் சாரம்: மனம் தெளிவாகவும் உடம்பு கட்டுக்குலையாமலும் தாதுக்கள் ஏறுமாறில்லாமலும் இருக்கும் காலத்தில் ஒருவன் என்னை நினைத்துவிட்டால் போதும். கடைசியில் அவன் நினைவு தப்பிக் கிடக்கும்போது, அவனுக்குப் பதிலாக அவனை நான் நினைத்து அழைத்துப்போவேன்.

தாதுவையும் ஹார்மோனையும் ஒன்றென்று சொல்லிப் பெருமாளுக்கு விஞ்ஞானப் பட்டம் கட்டும் எண்ணம் எனக்கில்லை. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருப்பது அதில் உள்ள நியாயம். நினைப்பு உடம்பின் சமநிலையைச் சார்ந்தது என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறார். அது குலைந்த பிறகு நினைக்கவில்லை என்பதைக் குற்றமாக எழுதுவதில்லை. சர்க்கரை இறங்கி உளறுகிறவனையும், மறதி நோயில் பிள்ளையை அடையாளம் தெரியாதவனையும் கடையில் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இதைவிடக் கருணையான சட்டம் தெரியாது.

வாத்தியார் அதை விடவில்லை. "குலைஞ்சப்புறம் செய்யாம விட்டது குத்தத்துல சேராதுன்னா, குலைஞ்சப்புறம் ஆசைப்படாம இருக்கறது புண்ணியத்துலயும் சேராது. அதானே?"

அதேதான். ஊசி தந்தது வைராக்கியம் இல்லை, வறட்சி. அவருடைய வைராக்கியம் என்று ஒன்று உண்டென்றால், அது ஆசை பிடுங்கித் தின்ற அந்த நாற்பது வருடத்தில் இருக்கவேண்டும், தோற்றுத் தோற்று மறுபடி பெருமாளிடம் போய்க் கேட்ட நாட்களில். கிடைக்கவில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்ட காலம்தான் கணக்கில் ஏறும் காலம். கிடைத்துவிட்டது என்று நினைக்கிற இந்தக் காலத்தில் அந்தப் பக்கத்தில் எழுத ஒன்றுமில்லை. அதற்காக ஆண்மை போய்விட்டது என்று வெட்கப்படவும் ஒன்றுமில்லை. 50-க்குக் கீழே போன எண் அவர் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிற எண்.

ஆனால் இப்போது அவருடையது என்று எதுவுமே இல்லையா என்றால், நான் அப்படி நினைக்கவில்லை. ஊசி ஆசையை மட்டும் எடுக்கவில்லை. நின்ற இடத்தில் உடம்பு கொதித்து வேர்க்கிறது, எலும்பு பலம் குறைகிறது, சதை வற்றுகிறது, எப்போதும் ஒரு களைப்பு. கால்சியமும் வைட்டமின் டி-யும் என்னிடம்தான் வாங்குகிறார். இத்தனையோடும் விடிவதற்கு முன்பு எழுந்து, நித்ய புஷ்கரணியில் கால் நனைத்துவிட்டு, பதினாறு கால் மண்டபத்தில் ஒரு தடவை மூச்சு வாங்க நின்று, உள்ளே போய்ச் சேவித்துவிட்டு வருகிறார். ஆசை போனது மருந்தின் வேலை. இந்த நடை மருந்தின் வேலையாக இருக்க முடியாது. மருந்து அவரைப் படுத்துக்கொள் என்றுதான் சொல்கிறது. இதைக் கணக்கில் எழுதலாம் ஐயா என்றேன்.

"அது பழக்கம் தம்பி. கால் தானா போவுது."

"ராமாநுஜர் சொல்ற ஏழுல மூணாவது அப்யாசம். திரும்பத் திரும்ப நினைச்சுப் பழகறதுதான்."

வாத்தியார் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். "ஒண்ணு சாப்பாடு, அது வீட்டம்மா பாத்துக்கிட்டா. ரெண்டு ஆசையை விடறது. அதுல தேறாமலே என்னை மூணாவதுக்கு ஏத்தி விடற" என்று சொல்லிவிட்டு, கால்சியம் அட்டை எவ்வளவு என்று கேட்டார்.